செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. சந்தாவில் மாற்றமில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பழைய கம்ப்யூட்டர்களில் இருந்து வந்த, இன்னதென்று தெரியாத ஐ.சி.களை (சிப்களை) அடையாளம் காண்பதில்தான் ஆண்டின் பெரும்பகுதி போனது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

14 கால் ஐ.சி. ஒன்றில் 7408, 7432 என்று இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று ஐ.சி.யின் எண், மற்றது தயாரித்த தேதி. தேதியில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். ஆக, 1974-இன் 32-ஆம் வாரத்தில் செய்த 7408 ஆகவும் இருக்கலாம், 8-ஆம் வாரத்தில் செய்த 7432 ஆகவும் இருக்கலாம். முன்னெழுத்துகள் தேய்ந்துவிட்டன, கால் அமைப்பும் இரண்டுக்கும் ஒன்றே. சரி, கேட்டே பார்த்துவிடலாம் என்று 14-ஆம் காலுக்கு 5 வோல்ட்டும் 7-க்கு கிரவுண்டும் கொடுத்து, 1-ஆம் காலை 5 வோல்ட்டிலும் 2-ஐ கிரவுண்டிலும் வைத்தோம். 3-ஆம் காலில் வோல்ட் வந்தது. 7408 என்பது ஆண்ட் கேட்; 1, 2 இரண்டு காலிலும் வோல்ட் இருந்தால்தான் 3-இல் வரும். 7432 என்பது ஆர் கேட்; ஒன்றில் இருந்தாலே போதும். ஆண்ட் கேட்டாக இருந்தால் வந்திருக்காது. அது ஆர் கேட், 7432.

உறுப்பினர் ஒருவர் சின்க்ளேர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் 48கே கம்ப்யூட்டரான தன் போர்டில், மேல் 32கே-க்கான எட்டு மெமரி ஐ.சி.களும் போய்விட்டன என்று வருத்தத்தோடு வந்தார். 4164 (64 கிலோபிட் மெமரி ஐ.சி.) என்று வைத்துச் சோதித்தால் டெஸ்டர் எட்டையும் பழுது என்றது. லென்ஸில் பார்த்தால் டி.எம்.எஸ்.4532. 64 கிலோபிட் ஐ.சி.யில் ஒரு பாதி சரியில்லாதவற்றை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தூக்கிப் போடாமல், நல்ல பாதியை மட்டும் கணக்கில் வைத்து 32 கிலோபிட்டாக விற்றது. சின்க்ளேர் விலையைக் குறைக்க அவற்றை வாங்கிப் போட்டது. எண்ணின் கடைசியில் வரும் என்.எல்.3, என்.எல்.4 என்பதுதான் எந்தப் பாதி நல்லது என்பதற்கு அடையாளம். எட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும், போர்டின் இணைப்புக் கம்பியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அவருடைய எட்டும் நல்ல ஐ.சி.கள்தான். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

906114-01 என்று ஒன்று வந்தது. இந்த எண்ணை டேட்டா புத்தகங்களில் தேடிப் பயனில்லை; அது கமடோர் நிறுவனத்தின் சொந்த எண். கமடோர் 64 கம்ப்யூட்டரின் போர்டில் யூ17 என்ற இடத்தில் இருந்ததால் பி.எல்.ஏ. (எந்த நேரத்தில் எந்த மெமரி ஐ.சி. வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஐ.சி.) என்று உடனே தெரிந்தது. உள்ளே இருப்பது சிக்னெடிக்ஸ் நிறுவனத்தின் 82எஸ்100. தனியாக ஒரு டப்பாவில் கிடந்திருந்தால் தேடித் தேடி அலுத்திருப்போம்.

அதனால்தான் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: ஐ.சி.யைப் பிடுங்கித் தனியாகக் கொண்டுவராதீர்கள், போர்டோடு கொண்டுவாருங்கள். கழற்றியே ஆகவேண்டும் என்றால் எந்த போர்டு, எந்த சாக்கெட், பள்ளம் எந்தப் பக்கம் என்று எழுதி, போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டர்கள் வந்தன. எங்காவது ஸ்டோர் அறையில் ஒன்று கிடந்தால், காயலான் கடைக்குப் போகும் முன் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அதில் சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க் ஒட்டிய ஐ.சி. ஒன்று இருக்கும். எண்ணைப் பார்க்க அதைப் பெயர்க்க வேண்டாம். பக்கத்தில் ஐ.சி.6 என்று அச்சிட்டிருந்தால் அது திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ யூ.எல்.ஏ.தான். இன்று யாரும் அதைத் தயாரிப்பதில்லை.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்