குஞ்சோடு நிற்கிற விராலை விட்டுவிடுங்கள்

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் தூண்டில் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். மழை இறங்கி ஏரிகள் நிரம்பப் போகிற நேரம் இது. ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கிற விராலை இந்த வருஷம் பிடிக்காதீர்கள்.

அந்தக் காட்சி நம்மில் பலருக்குத் தெரியும். கோரை ஓரமாகத் தண்ணீரின் மேல் ஒரு இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழும். கிட்டப் போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், மூச்சு வாங்க மேலே வருவதும் இறங்குவதுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் பக்கத்திலேயே பெருசு ஒன்று மேலே வந்து காற்றை இழுத்துவிட்டு மறையும். தூண்டில் முள் வைத்த ரப்பர் தவளையை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போட்டு இழுத்தால் அது பாய்ந்து அடிக்கிறது. பசியில் இல்லை, குஞ்சைத் தின்ன ஏதோ வந்துவிட்டது என்று விரட்ட வருகிறது. அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆணும் பெண்ணுமாகச் செடிகளை ஒதுக்கி இடம் செய்து, மிதக்கிற முட்டைகளைக் காத்து, பொரித்த பிறகும் சில வாரங்கள் குஞ்சுகளோடேயே சுற்றுகிற மீன் இது. காவல் போய்விட்டால் ஜிலேபி மீன் (திலாப்பியா), குரவை மீன், கொக்கு, நீர்க்காகம் எல்லாவற்றுக்கும் அந்தக் கூட்டம் இரைதான். நமக்குக் கிடைப்பது ஒரு வேளைக் குழம்பு, ஏரி இழப்பது ஒரு ஈட்டுக் குஞ்சுகள் முழுவதையும்.

"பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறோமே" என்பார்கள். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன், கரையில் கிடந்தாலும் சட்டென்று சாகாது, அது உண்மைதான். ஆனால் முள்ளைக் கழற்றி, அளந்து, படம் எடுத்து விடுகிற அந்த ஐந்து நிமிஷம் குஞ்சுகளுக்குக் காவல் இல்லையே.

மீன்கள் பெருகட்டும் என்று கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கின்றன. காசிமேட்டில் அதையே நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறுத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குப் போகிற நாம் குஞ்சைப் பார்த்தால் தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் நகரக் கூடாதா?

மீன் சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. மற்ற நாட்களில் ஒரு அடிக்கு மேல் இருக்கிற விரால் ஒன்றோ இரண்டோ வீட்டுக்கு எடுத்துப் போங்கள், சின்னதை விட்டுவிடுங்கள், முள்ளின் எதிர்ப்பல்லைப் பிளையரால் நசுக்கிவிட்டால் கழற்றுவதும் சுலபம். ஜிலேபி எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள், அது 1950-களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் தயவுசெய்து திரும்ப விடவே விடாதீர்கள், அதை வளர்ப்பதற்கே நம் நாட்டில் தடை இருக்கிறது. அப்புறம், வீட்டுத் தொட்டியில் பெருத்துப்போன சக்கர் மீனை ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுவதையும் நிறுத்த வேண்டும்.

போட்டி நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விராலுக்குப் பரிசு வைக்காதீர்கள். அந்த மூன்று மாதமும் ஜிலேபிக்கு வையுங்கள், நானும் பெயர் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்