வேதாளைக் கரையை விட்டுவிட்டீர்களே, ஐயா

ராமநாதபுரம் மாவட்டத்துப் போர் நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டப் போர்த்தட வழியை வகுத்துக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

உங்கள் வழி ராமநாதபுரம் அரண்மனையில் தொடங்குகிறது. 1772-இல் நவாப்பின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தது, 1798-இல் ராமலிங்க விலாசத்தில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது, கமுதி, சித்திரங்குடி என்று போகிறது. எல்லாம் சேர்க்க வேண்டியவைதான். ஆனால் பறங்கியரை எதிர்த்த போர் இந்த மாவட்டத்தில் 1772-இல் தொடங்கவில்லை. அதற்கு 234 வருடம் முன்பே, 1538-இல், மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் வேதாளைக் கரையில் போர்ச்சுகீசியரை எதிர்த்து நடந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

இப்போது எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒன்று. வடகரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் இரிங்ஙலில், கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் கடற்படைத் தலைவரான குஞ்ஞாலி மரக்காயருக்கு நினைவில்லம் இருக்கிறது. அந்த வழியில் வந்த மரக்காயர்கள் வேதாளையில் போரிட்டார்கள் என்று படித்துவிட்டு, கரையைப் பார்க்க வந்திருக்கிறார்கள். பேருந்து விலக்கில் நிற்கவில்லை. மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் பாம்பன் பாலத்துக்கா, தர்காவுக்கா என்று கேட்டாராம். வேதாளை என்றதும், "அங்க என்ன இருக்கு?" என்றிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யார் அவருக்குச் சொன்னோம்?

நான் பார்த்தபோது உச்சி வெயில். அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு வத்தைப் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கச்சான் காற்று மணலை அள்ளி அவர் முகத்தில் அடித்தது. முந்தானையால் மூடிக்கொண்டார். ஒதுங்க நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. தயங்கித் தயங்கி, கழிப்பறை எங்கே என்று கேட்டார். என் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனேன். எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. திரும்பி வரும்போது ஆசிரியர் தென்கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார். "எழுதி ஒரு பலகைகூட இல்லையா?" என்றார். என்ன பதில் சொல்வேன்?

இதையே போய்ச் சொன்னபோது, அங்கே பார்க்க ஒன்றுமில்லை, தோற்ற போர்தானே என்று ஓர் அதிகாரி சொன்னார். ஐயா, உங்கள் வழியில் இருக்கும் சித்திரங்குடியிலிருந்து கம்பெனியை எதிர்த்த மயிலப்பன் சேர்வைக்காரர் வென்றா போனார்? 1802-இல் அபிராமத்தில் தூக்கில் போட்டார்கள். மருது சகோதரர்களுக்கு என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தோற்றவர்களை நினைக்கக் கூடாதென்றால் உங்கள் வழியில் எத்தனை ஊர் மிஞ்சும்?

அப்புறம், இது சின்னச் சண்டையும் இல்லை. இலங்கையில் கோட்டை என்ற நாட்டின் அரசனுக்குப் போர்ச்சுகீசியப் பறங்கியர் துணை. அவனை எதிர்த்த சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவக் கோழிக்கோட்டுச் சாமூதிரி அனுப்பிய கப்பல்களோடு மரக்காயர்கள் வந்தார்கள். வேதாளையில் கரை ஒதுங்கியிருந்தவர்களைப் போர்ச்சுகீசியத் தளபதி மார்த்திம் அபொன்சோ த சோசா தாக்கி முறியடித்தார். முத்துக்குளிக்கும் கடல் யார் கையில் என்பதும் அதில் அடங்கியிருந்தது. 1549-இல் இதே ஊரில் நடந்த இன்னொரு சண்டையில் கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் கொல்லப்பட்டார். ஒரே கரையில் மலையாளம், இலங்கை, போர்ச்சுகல் மூன்றுக்கும் கதை கிடக்கிறது. பக்கத்து ஊரின் பெயரே மரைக்காயர்பட்டினம். பார்க்க ஒன்றுமில்லையாம்!

இந்த மாவட்டத்துக் கடற்கரை என்றாலே எல்லோருக்கும் ராமேசுவரம் கோயிலும் பாலமும்தான். 2025-இல் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து ரயில்கள் இன்னும் வேகமாக எங்களைத் தாண்டிப் போகின்றன. மீன்பிடித் தடைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் பையன்கள் நாலு பேருக்காவது வழிகாட்டி வேலை கிடைத்திருக்கும். சரி, அதைத் தனியாகப் பேசுவோம்.

கோபத்தில் ஏதும் அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதில்லை. வேதாளையை வழியில் சேருங்கள். கரையில் தமிழிலும் மலையாளத்திலும் 1538 என்று எழுதிய ஒரு பலகை, ஒரு நிழற்கூரை, ஒரு கழிப்பறை, விலக்கில் பேருந்து நிற்க ஓர் உத்தரவு. இவ்வளவுதான்.

அந்த ஆசிரியர் ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். அடுத்த விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்களாம். தயவுசெய்து அதற்குள் பலகையையாவது வைத்துவிடுங்கள், ஐயா.

பணிவுடன்,
வேதாளைக்காரன் ஒருவன்