ஆடாத நாளின் பதிவும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காருகுறிச்சியில் மண்பானை செய்கிற குடும்பம் எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில், சுட்டு அடுக்கி வைத்திருந்த பொங்கல் பானைகள் கிணுகிணுவென்று ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். நில அதிர்வு பற்றி விசாரிக்க வந்தவர்கள், "எத்தனை செகண்டும்மா ஆடுச்சு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்தக் கடிதம் அந்த முந்தின நாளுக்காகத்தான்.

சூளை பிரித்ததும் ஒவ்வொரு பானையையும் விரல் மடக்கிச் சுண்டிப் பார்ப்போம். நல்ல பானை 'டங்' என்னும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் 'சொத்' என்று காட்டிக்கொடுத்துவிடும். நிலத்தையும் இப்படிப் பார்க்கலாம் என்றாள், நிலவியல் படிக்கும் என் மகள். "இம்புட்டுப் பெரிய பானைய யாருட்டி சுண்டுவா?" என்று சிரித்தேன்.

கடல் சுண்டுகிறதாம். உவரிக் கரையில் மோதும் அலையும் நடுக்கடல் அலையும் தரையை ராப்பகலாக அதிர வைக்கின்றன. காதுக்கு எட்டாது, நில அதிர்வுக் கருவிக்கு எட்டும். இரண்டு இடத்துக் கருவிகளின் பதிவை நாள்கணக்கில் ஒப்பிட்டுக் கூட்டினால், தாறுமாறான இரைச்சலெல்லாம் அடிபட்டுப்போய், ஓரிடத்திலிருந்து மற்றதற்கு ஓடிய அதிர்வு மட்டும் தேறுகிறது. ஒரு கருவி இருக்கும் இடத்தில் தட்டிவிட்டு மற்ற இடத்தில் காது வைத்துக் கேட்ட மாதிரி.

அது என்ன வேகத்தில் ஓடியது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்ற ஊரில் 2004 செப்டம்பர் 28 அன்று 6.0 அளவில் நிலநடுக்கம். அதன்பின் இந்த வேகம் 0.08 விழுக்காடு குறைந்ததாக 2008-ல் ஆய்வு வெளியானது. நொடிக்கு 3 கி.மீ. ஓடுகிற அலை என்றால், வெறும் 2.4 மீட்டர் குறைவு! பாறைக்குள் கீறல் விட்டிருக்கிறது. தேறி வர ஆண்டுகள் பிடித்திருக்கிறது. இதைப் பிடிக்க முடிந்ததே, 2002 தொடங்கி அன்றாடப் பதிவு கையில் இருந்ததால்தான்.

இன்னொன்று. ஈரப் பானையும் மந்தமாகத்தான் ஒலிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகி நிலத்தடி நீர் ஏறினாலும் இந்த வேகம் குறையும். எது மழை, எது கீறல் என்று பிரித்துப் பார்க்க நாலைந்து மழைக்காலப் பதிவாவது வேண்டாமா? (இதை வைத்து நிலநடுக்கம் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.)

பாபநாசம், மணிமுத்தாறு அணைப் பக்கம் நில அதிர்வுக் கருவி எங்கே இருந்தாலும், இனி எங்கே வைத்தாலும், ஆடிய நாளின் பதிவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் கொடுக்கவும் வேண்டும். கேட்பதற்கு என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மண்பாண்டத் தொழிலாளி,
காருகுறிச்சி.