குடியிருப்போர் நலச்சங்க ஆண்டறிக்கை: காய்ச்சல் வரைபடத்தை எந்த அளவில் வரைவது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தாக்கல் செய்வார்; தெருவிளக்கு, குப்பை வண்டி மனுக்களின் நிலை கூட்டக் குறிப்பேட்டில் உள்ளது. ஆகவே இவ்வறிக்கை, டெங்குக் காய்ச்சல் எங்கெங்கே வந்துள்ளது என்பதைக் காட்டச் சுகாதாரக் குழு தயாரித்துவரும் வரைபடத்தைப் பற்றியே அமைகிறது.

வார்டு வாரியாக வண்ணம் தீட்டிய முதல் படத்தைப் பார்த்த உறுப்பினர்கள் பலர், மதுரை செல்லூர்ப் பக்கம் சாக்கடை கலந்து ஓடும் பந்தல்குடி வாய்க்காலே டெங்குவுக்குக் காரணம் என்றனர். ஆனால் சாக்கடை நீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவோ மூடாத சிமென்ட் தொட்டியிலும் மழைநீர் தேங்கிய டயரிலும் வளர்ந்து, பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றித் திரிவது. ஒரு வார்டு அதைவிடப் பன்மடங்கு பெரியது என்பதால், வார்டின் நிறத்தை வைத்து ஒரு தெருவின் நிலையைச் சொல்ல இயலாது.

எல்லைக்கோடுகளும் நிலையானவை அல்ல. 2011இல் மாநகராட்சி விரிவடைந்து 72 வார்டுகள் 100 ஆனபோது செய்ததைப் போல் கோடுகளை மாற்றி வரைந்தால், நோயாளிகள் இருந்த இடத்திலேயே இருக்க, படம் மட்டும் வேறாகிவிடும். புவியியலாளர் ஸ்டான் ஓப்பன்ஷா 1984இல் விரிவாக எழுதியது இச்சிக்கலைப் பற்றித்தான். 1854இல் லண்டன் சோஹோ பகுதியின் காலரா மரணங்களை ஜான் ஸ்னோ வீடு வீடாகக் குறித்ததால், மாசுபட்ட குடிநீர் தந்த பிராட் தெருக் கைப்பம்பைச் சுற்றி அவை குவிந்திருந்தது படத்தில் தெளிவாயிற்று. வட்டார மொத்தக் கணக்கில் அந்தப் பம்பு காணாமலே போயிருக்கும்.

அதற்காக வீட்டளவுக்கு இறங்கவும் குழு விரும்பவில்லை. ஒரு சந்தில் இருவருக்குக் காய்ச்சல் வருவது தற்செயலாகவும் நேரலாம். நோயாளி இன்னார் என்பதும் படத்தில் வெளிப்பட்டுவிடும். மேலும் ஏடிஸ் பகலில் கடிப்பதால், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ தொற்றிய நோய்கூட வீட்டு முகவரியில்தான் பதிவாகிறது.

மழை, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் கணித மாதிரிகள் மாவட்ட அளவில் பயன் தருவன. எந்த மாதத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதை அவற்றைக் கொண்டு மதிப்பிடலாம். தெருவுக்கு வந்தால் நிலைமை வேறு. குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் தெருவில் மக்கள் தொட்டியிலும் குடத்திலும் நீரைச் சேமிப்பதால், மழையே இல்லாத கோடையிலும் கொசுப்புழு வளர்கிறது. மழைமானி இதைக் காட்டாது. நம்மைப் போன்ற சங்கத்துக்கு வேலை இருப்பதும் இந்த இடைவெளியில்தான் என்று கருதுகிறேன்.

எனவே நான்கைந்து அடுத்தடுத்த தெருக்களை ஓர் அலகாகக் கொண்டு, பெயரோ கதவு எண்ணோ குறிக்காமல் படம் வரையச் செயற்குழு தீர்மானித்துள்ளது. வீடு வீடாகக் கொசுப்புழுவைத் தேடும் டி.பி.சி. பணியாளர்கள் தொட்டிகளைச் சோதித்துக் காணும் கொசுப்புழு விவரத்தையும் இதே அலகில் தருமாறு மாநகராட்சிக்கு மனு அளிக்கப்படும். தெருவுக்கு ஒரு தன்னார்வலர் தேவை. விருப்பமுள்ளோர் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் சங்க அலுவலகத்தில் பெயர் தரும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்