கறள் பிடித்த காருக்கு எவ்வளவு கொடுக்கலாம், அப்பா?

குறொய்டன், லண்டன்
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ இப்ப எப்படி? இங்கே குளிர் தொடங்கிவிட்டது, நாலு மணி தாண்டவே இருட்டிவிடுகிறது. போன கிழமை ஒரு கார் பார்க்கிறேன் என்று சொல்லத் தொடங்க லைன் அறுந்து போச்சு. காசு விஷயம், ஆறுதலாக எழுதினால்தான் உங்களுக்கு முழுதும் விளங்கும்.

மஸ்டா எம்எக்ஸ்-5, 2007ஆம் ஆண்டுக் கார், 91,000 மைல் ஓடியிருக்கிறது. இரண்டு பேர்தான் இருக்கலாம். துணிக்கூரையைக் கையாலேயே பின்னால் மடித்துவிடலாம். நீங்கள் கராச்சில் திருத்திக்கொடுத்த டொக்டரின் மொறிஸ் மைனர் நினைவிருக்கா? கூரையை மடித்து, என்னை முன்னால் இருத்தி, பண்ணைப் பாலம் வரைக்கும் ஓடிப் பார்த்தீர்கள். அந்தக் காற்று இன்னும் என் முகத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ரொயோட்டா இருக்கிறது, இது என் ஆசைக்கு.

விற்கிறவர் கேட்பது 2,400 பவுண்ஸ். கூரை இடப்பக்கம் கிழிந்து, ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறது. பின் பிறேக் ஒன்று இறுகிப்போய்ச் சில்லைப் பிடிக்கிறது. இவை கண்ணுக்குத் தெரிகிற குறைகள், கணக்குப் போடலாம். என்னை நித்திரை கொள்ள விடாதது கறள், தகரத்தைத் தின்கிற துரு.

இங்கே மூன்று வயது தாண்டின காருக்கு, றோட்டில் ஓடத் தகுதியா என்று வருஷா வருஷம் எம்ஓடி சோதனை. கார் நம்பரைப் போட்டால் பழைய சோதனை முடிவெல்லாம் அரசாங்க இணையத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 2022இல் கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடுகிற பெட்டித்தகரத்தில், இடப்பக்கம் கறள் என்று எழுதியிருக்கிறார்கள். 2023இல் இரண்டு பக்கமும். 2024இல் பெயில், மூன்றாம் நாள் பாஸ். இந்த வருஷம், கீழே தடிப்பாகக் கருப்புப் பூச்சு இருப்பதால் பார்க்க முடியவில்லை என்று குறிப்பு. மூன்று நாளில் மேலால் தகரத்தை ஒட்டிப் பூசியதுதான் நடந்திருக்கும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கூரை மடிகிற இடத்தில் விழுகிற மழைத்தண்ணி இரண்டு சின்னக் குழாயால் கீழே போக வேண்டும். இலைச்சருகு அடைத்தால் தண்ணி உள்ளே தங்கி, தகரத்தை உள்ளிருந்தே தின்கிறது. வெளியிலிருந்து, குளிர்காலத்தில் றோட்டில் போடுகிற உப்பு. மேலே கூரை இல்லாத காரில் பாரம் தாங்குவது அந்தப் பெட்டித்தகரம்தான்.

உங்கள் காந்த வைத்தியத்தைத்தான் செய்தேன், துணியில் சுற்றி. எஞ்சின் மூடியில், பொனற்றில் ஒட்டவில்லை, திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் அது அலுமினியம் என்று அறிந்தேன். கதவுகளில் நன்றாக ஒட்டியது. பின்சில்லுக்கு முன்னால், கீழே, ஒரு சாண் நீளத்துக்கு வழுக்கி விழுந்தது. அங்கே தகரம் இல்லை, ஓட்டையை மறைக்க அப்பின பட்டிப் பசைதான்.

எஞ்சின் பற்றிப் பயமில்லை. சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதலே சொல்லி, பொனற்றில் கை வைத்துப் பார்த்துத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். முதல் அடியிலேயே பிடித்தது, புகை இல்லை. ரைமிங்குக்கு பெல்ற் இல்லை, செயின், அதனால் பெல்ற் மாற்றுகிற செலவில்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டின உங்களுக்கு எஞ்சின் ஒரு பொருட்டா? உடம்பு உக்கினால் கார் போச்சு என்றுதானே சொல்வீர்கள்.

என் கணக்கு இப்படி. இதே வயதுக் கார் நல்ல நிலையில் 3,500 அளவில் போகிறது. கூரை மாற்ற 700, இரண்டு பக்கமும் வெட்டி வெல்ட் பண்ண 800, பிறேக் 250 என்று கேட்டு வைத்திருக்கிறேன். மிச்சம் 1,750. பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறதோ, அதற்கு 300 கழித்தால் 1,450. கோடையில் என்றால் இந்த விலைக்கு ஒருவரும் தரமாட்டார்கள். நவம்பரில் கூரை மடிக்கிற காரைத் தேடி வருகிறவர்கள் குறைவு.

முந்தின மொடல் இன்னும் மலிவு. ஆனால் 2023 ஆகஸ்ட் 29 தொடக்கம் லண்டன் முழுக்கப் புகை வலயம். புகை அளவில் யூரோ 4 தரம் இல்லாத பெற்றோல் கார் ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ஸ் கட்ட வேண்டும். முந்தின மொடலில் பல அந்தத் தரத்துக்கு வராது, அதனால் அதை விட்டுவிட்டேன். இந்தக் காருக்கு அந்தக் கட்டணம் இல்லை. காரின் பேரில் கடன் பாக்கியும் இல்லை, காசு கட்டி விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

1,400 என்று சொன்னேன். மனிசன் கோபிக்கவில்லை, முகம்தான் வாடியது. இறந்துபோன மனைவி ஓட்டின கார். ஒவ்வொரு ரயர் வாங்கின பில்லையும் பைலில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்தபின் 1,600 வரை ஏறலாம் என்று மனம் சொல்கிறது. அதற்கு மேல் ஏறினால் அது பிள்ளைகளின் காசு.

ஒரு விஷயம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். முந்தி ஒட்டின தகரத்தை முழுதாக வெட்டி எடுத்தபின், வெல்ட் பிடிக்கிற அளவுக்கு உள்தகரம் மிஞ்சியிருக்குமா? அது இல்லையென்றால் வெல்டுக்கு 800 காணாது, காருக்கு 1,600 கொடுப்பதும் கூடிப்போகும். சனிக்கிழமை ரோச்சோடு திரும்பப் போகிறேன். கீழே எடுத்த படங்களைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டு, பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு எடுக்கிறேன்.

அன்பு மகன்