குரல் பதிவு அனுப்பிய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

போன வாரம் இணைப் பேராசிரியர் ஆணை கைக்கு வந்தது. நான் யாரிடமும் சொல்வதற்கு முன்பே துறை வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட, பூங்கொத்து ஸ்டிக்கர்கள் கொட்ட ஆரம்பித்தன. நானும் "நன்றி சார்", "நன்றி மேடம்" என்று மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே போனேன். நாற்பதாவது நன்றியில் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. உண்மையில் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவிலேயே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. காலநிலை மாற்றத்தைப் பற்றி மக்கள் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் என்ன பேசுகிறார்கள், எந்தச் செய்தி போய்ச் சேருகிறது, எது பாதியில் விழுந்துவிடுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அம்மாவுக்கு இன்றைக்கும் நான் ரமணன் சார் பார்த்த வேலையைப் பார்க்கிறேன் என்றுதான் நினைப்பு. காலையில் போன் செய்து "இன்னிக்கு வடாம் பிழியலாமா?" என்று கேட்பாள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போதெல்லாம் தமிழ்நாடு வெதர்மேன் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடுகிறேன். இதுவரை வடாம் நனையவில்லை.

முதல் நன்றி என் முனைவர் பட்ட நெறியாளருக்கு. நான் அவரிடம் கொண்டுபோன தலைப்பு அப்படியே இறக்குமதி. 2004இல் பாய்காஃப் சகோதரர்கள் அமெரிக்கப் பத்திரிகைகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இரு தரப்பையும் சமமாகக் காட்டுகிறோம் என்று சொல்லி, காலநிலை மாற்றம் பற்றி விஞ்ஞானிகள் ஒருமித்துச் சொன்னதையும் விரல்விட்டு எண்ணக்கூடிய மறுப்பாளர்கள் சொன்னதையும் அந்தப் பத்திரிகைகள் ஒரே தராசில் வைத்தன என்பது அதன் சாரம். அதையே தமிழ் நாளிதழ்களில் செய்யலாம் என்று போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நம்ம ஊர் பேப்பர்ல மறுக்கிறவன் யாரும்மா? முதல்ல பேசுறவனைக் கண்டுபிடி" என்றார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

அப்புறம் 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏற, மாடி வீட்டு அண்ணன் எங்களை மேலே கூப்பிட்டுக்கொண்டார். பைக் பேட்டரியில் ஒயரைச் சுற்றி என் போனுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்ததும் அவர்தான். சிக்னல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வரும்போதெல்லாம், முன்பின் தெரியாதவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட கூகுள் ஷீட்டில் வரிகள் கூடிக்கொண்டே இருந்தன: படகு எங்கே, பால் பவுடர் எங்கே, யார் வீட்டில் இடம் இருக்கிறது. என் ஆய்வு நாளிதழிலிருந்து போனுக்குத் தாவியது அந்த மாடியில்தான். அண்ணே, அந்த பேட்டரி அத்தோடு செத்துப்போச்சு என்று பிறகு கேள்விப்பட்டேன், நீங்கள் வாயே திறக்கவில்லை.

தாவிய வேகத்தில், இந்த மழைக்குக் காலநிலை மாற்றமே காரணம் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டேன். நெறியாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "யார் சொன்னா?" என்று மட்டும் எழுதியிருந்தார். தேடிப் பார்த்தால், உலக விஞ்ஞானிகள் குழு ஒன்று அதே மழையை ஆராய்ந்து, மனிதர்களால் வந்த வெப்பமயமாதலின் தடம் அதில் தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருந்தது. காற்றில் கலந்திருக்கும் மாசுத் துகள்கள் அந்தத் தடத்தை மறைத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆக, ஏரி திறப்பையும் ஆக்கிரமிப்பையும் திட்டி எழுதிக்கொண்டிருந்த சென்னைவாசிகள் என்னைவிடச் சரியாகவே இருந்தார்கள். எல்லா மழையின் தலையிலும் காலநிலை மாற்றத்தைக் கட்டினால் நிஜமாகவே அது வரும்போது ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று இப்போது நானே வகுப்பில் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வட்டம்தான் கண்ணில் நிற்கும். நன்றி சார்.

இனி அக்காவுக்கு வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு, அடுத்த வருஷம் கேள்வித்தாள் கட்டோடு போய் இறங்கினேன். அந்தப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கடலில் இருக்கும். எச்சரிக்கை வந்த நேரத்தில் அவர்கள் கரையிலிருந்து எவ்வளவோ தூரத்தில். கையிலிருந்த வயர்லெஸ்ஸுக்குக் கரையின் குரல் எட்டவில்லை. இழவு விழாத தெருவே இல்லை என்ற ஊரில் போய் நின்றுகொண்டு, "காலநிலை மாற்றம் பற்றித் தாங்கள் அறிவீர்களா?" என்று வாசித்தேன். முதல் ஒன்பது பேர் "தெரியாது" என்றார்கள். பத்தாவது ஆள் அக்கா நீங்கள். தாளை என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, "மக்ளே, இப்படிக் கேட்டா யாரு சொல்லுவா? காத்து முந்தி மாதிரி இருக்கான்னு கேளு" என்றீர்கள்.

கேட்டேன். சாயங்காலம் வரை யாரும் பேச்சை நிறுத்தவில்லை. எந்த மாசம் எந்தக் காற்று வரும், இப்போது எப்படித் தப்பி வருகிறது, எந்த மீன் எந்தப் பக்கம் போய்விட்டது. "இந்தக் கடல்ல புயலா!" என்று ஒரு பாட்டி திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. (அரபிக்கடலில் புயல்கள் கூடியிருப்பதைக் காட்டும் ஆய்வு 2021இல்தான் என் கைக்கு வந்தது.)

இதில் என் அசட்டுத்தனம் என்னவென்றால், இதையெல்லாம் நான் ஏற்கெனவே படித்திருந்தேன். யேல் பல்கலைக்கழகத்தினர் 2011இல் இந்தியாவில் எடுத்த கணக்கெடுப்பில், புவி வெப்பமயமாதல் என்றால் கேள்விப்பட்டதில்லை அல்லது தெரியாது என்றவர்கள் 41 சதவீதம். அது இன்னதென்று விளக்கிச் சொன்னதும், ஆமாம் நடக்கிறது என்றவர்கள் 72 சதவீதம். இந்த எண்களை என் முன்மொழிவில் நானே மேற்கோள் காட்டிவிட்டு, ஊருக்குப் போய் அதே தப்பைச் செய்தேன்.

அக்கா, உங்கள் போனை என்னிடம் கொடுத்து மூன்று நாள் ஊர் வாட்ஸ்அப் குழுவைப் படிக்க விட்டீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. அலுவலகத் தமிழில் வந்த எச்சரிக்கைகள் அட்சரேகை தீர்க்கரேகையோடு திறக்கப்படாமலே கிடந்தன. உங்கள் தம்பி படகிலிருந்து இறங்கியதும் பேசி அனுப்பிய நாற்பது நொடி குரல் பதிவு மட்டும் நான்கு ஊர் தாண்டிப் போயிருந்தது. வதந்தியும் அதே வேகத்தில்தான் போனது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பதிவு வந்தாலும் மேலே அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "இது ஆருக்க குரலு?" ஆள் தெரியாவிட்டால் அது உங்கள் போனைத் தாண்டாது. என் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்துக்குத் தலைப்பே அந்தக் கேள்விதான். புறத்தேர்வாளர் ஒருவர் அதை மாற்றச் சொன்னார். மாற்றவில்லை.

என் மாணவர்களே, உங்களுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். 2023இல் ட்விட்டர் தரவை இலவசமாக எடுக்கும் வழியை அடைத்ததும் நம் நிரல் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அடுத்த வருஷம் ஃபேஸ்புக் தரவுக்கு நம்பியிருந்த கிரௌட்டாங்கிள் என்ற கருவியையும் மூடினார்கள். மிச்சமிருந்தது மிக்ஜாம் புயல் வீடியோக்களுக்குக் கீழே இருந்த யூடியூப் கமெண்டுகளைக் கையால் வகைப்படுத்துவது. தங்கிலீஷில் எழுதியதை மெஷின் படிக்காது, நீங்கள் படித்தீர்கள், அத்தனை வசவுகளையும் சேர்த்து. "சிங்காரச் சென்னைக்கு வாழ்த்துக்கள், போட்டிங் சூப்பர்" என்பதைப் பாராட்டு என்று ஒருத்தி போட, கண்டனம் என்று ஒருவன் போட, வகைப்படுத்துபவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கப்பா மதிப்பு அதலபாதாளத்துக்குப் போய், கடைசியில் 'நையாண்டி' என்று தனிப் பெட்டியே திறந்தோமே! அந்தப் பெட்டிதான் சீக்கிரம் நிரம்பியது.

உதவித்தொகை ஒன்பது மாதம் நின்றபோது கோப்பை எந்த பீரோவுக்கு அடியிலிருந்தோ தேடி எடுத்த செக்‌ஷன் அக்கா, ராத்திரி பத்து மணிக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன், களப்பணி நாட்களில் பிள்ளைக்கு சோறூட்டிய அத்தை, "இன்னும் எத்தனை சாப்டர்?" என்று ஒரு தடவைகூடக் கேட்காத வீட்டுக்காரர், எல்லோருக்கும் நன்றி. பெயர் போட்டால் திட்டுவீர்கள் என்பதால் போடவில்லை.

பட்டம் வாங்கியதும் ஆய்வேட்டை பிடிஎஃப் ஆக அக்காவுக்கு அனுப்பினேன். "இதை யாரு படிக்கது, பேசி அனுப்பு" என்று பதில் வந்தது. நாலு நிமிஷத்துக்குப் பேசி அனுப்பினேன். "நீளமா இருக்கு மக்ளே, ஒரு நிமிஷத்துக்குள்ள சொல்லு" என்றார். இந்த மடலையும் அவருக்குக் குரலில்தான் அனுப்ப வேண்டும். நேற்று ராத்திரி இரண்டு தடவை பதிவு செய்து பார்த்தேன். ஏழு நிமிஷம் வருகிறது.