மார்வாரிக் குதிரையோடு ஓர் ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம். நமது குதிரை ஆர்வலர் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயற்குழு இந்த ஆண்டில் ஆறு முறை கூடியது. ஆண்டுத் தொடக்கத்தில் 41 பேராக இருந்தோம். ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், இருவர் வெளியூருக்குக் குடிபெயர்ந்தார்கள். மாசி மாதத்தில் நமது மூத்த உறுப்பினரான லாடக்காரர் ஐயாவை இழந்தோம். குதிரையின் முன்னங்காலைத் தம் இரு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, உளியின் முனையால் குளம்பை ஒரு சுற்று சுற்றி வரும் அவருடைய கையை நம்மில் பலர் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். யார் குதிரை வாங்கப் போனாலும், "நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள், முதலில் காலைப் பாருங்கள்" என்று சொல்லியே அனுப்புவார். இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளை எல்லாம் எழுதிப் பார்க்கும்போது, அந்த ஒரு பேச்சுக்கு உரை எழுதியதைப் போலத்தான் இருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில், ஆண்டு முழுவதும் ஒரே குதிரை இனத்தைப் பற்றிப் படிப்பது, பார்ப்பது, வரைவது என்று தீர்மானித்தோம். ராஜஸ்தானின் மார்வார் வட்டாரத்துக் குதிரையை, அதாவது மார்வாரியைத் தேர்ந்தெடுத்தோம். நம் பக்கத்தில் குதிரை வாங்க நினைப்பவர்கள் அதிகம் கேட்கும் பெயர் அதுதான். ஆனால் அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது காதும் விலையும் மட்டுமே என்று அன்று ஓர் உறுப்பினர் வருத்தப்பட்டது நினைவிருக்கும்.

ஆடி மாதத்தில் 18 பேர் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போனோம். மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி, வெள்ளை வெளேரென்ற நுக்ரா, எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கூட்டம் முழுக்க நுக்ராவைச் சுற்றித்தான். வரிசையின் கோடியில், வேப்பமரத்தடியில், மை போலக் கறுத்த ஒரு பெண் மார்வாரி நின்றது. ஆறு வயது, சினையாக இருந்தது. காலில் குறை இல்லை, கண்ணில் பயம் இல்லை. நாங்கள் நின்ற ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் "கருப்பு வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிக் கயிற்றைக்கூடத் தொடாமல் போனார்கள். நம்மோடு வந்த உறுப்பினர் ஒருவர், அரிசி ஆலை வைத்திருப்பவர், அன்று மாலையே அதை வாங்கினார். சங்கத்தின் இந்த ஆண்டு வேலைகளில் பாதி அந்தக் குதிரையை நடுவில் நிறுத்தித்தான் நடந்தது. அவருக்கும் அவர் வீட்டாருக்கும் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

புரட்டாசிக் கூட்டத்தில் கால்நடை மருத்துவராகிய நமது துணைத் தலைவர், இந்த இனத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசினார். மார்வாரை ஆண்ட ராத்தோர்கள் வளர்த்த போர்க்குதிரை இது. மூன்று நிலைகளில் மட்டுமே அது போர்க்களத்தை விட்டு வெளியேறலாம் என்பது அவர்கள் வழக்கு: போரில் வென்றால், தான் இறந்தால், அல்லது காயம்பட்ட தலைவனைச் சுமந்து காப்பாற்றும்போது. 1576ஆம் ஆண்டு ஹல்திகாட்டிப் போரில் மேவார் அரசர் மகாராணா பிரதாப்பைச் சுமந்து சென்று உயிர்விட்ட சேத்தக், இந்த மூன்றாவது வழிக்கு நின்ற சாட்சி. சேத்தக் எங்கள் குதிரை என்று மார்வார்க்காரர்களும் கத்தியவார்க்காரர்களும் இன்றும் உரிமை கொண்டாடுகிறார்கள்.

அப்படிப்பட்ட குதிரை ஏறத்தாழ அழிந்தே போயிருக்கும். ஆங்கிலேயர்கள் தங்கள் தரோபிரெட் பந்தயக் குதிரைகளையும் போலோ குதிரைகளையும் உயர்த்தி, இதன் வளைந்த காதைக்கூடக் கேலி செய்தார்கள். 1930களில் நல்ல வர்க்கம் அருகிப்போனபோது ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் தரமான பொலிகுதிரைகளைத் தேடிச் சேர்த்து இனத்தைக் காத்தார். அவருடைய பேரன் கஜ் சிங் அந்த வேலையைத் தொடர்ந்தார். நடுவில் 1952ஆம் ஆண்டு ஜாகீர் என்ற நிலமானிய முறையை ஒழிக்கும் சட்டம் வந்து பெருநிலக்காரர்களின் லாயங்கள் கலைந்தன. அந்தக் காலத்தில் எத்தனையோ குதிரைகள் பொதி சுமக்கப் போயின. நிலத்தைப் பங்கிட்டது நியாயம். அதற்காகக் குதிரை பட்ட பாடு எனக்கு மனத்தில் தைத்தது, அதையும் பதிவு செய்கிறேன்.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் மொத்தம் 3.4 லட்சம். 2012ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 45 சதவீதத்துக்கு மேல் குறைவு. ஒரு நல்ல செய்தியும் உண்டு. தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில், 2023ஆம் ஆண்டு மே மாதம், ஒரு குதிரையின் கருவை வேறொரு குதிரையின் வயிற்றில் வளர்க்கும் கருமாற்ற முறையில் ஒரு மார்வாரிக் குட்டி பிறந்தது.

ஐப்பசியில் நடந்த "நடை கேட்கும் கூட்டம்" பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். மார்வாரிகளில் பலவற்றுக்கு இயல்பாகவே 'ரேவால்' என்ற நடை அமைகிறது. சாதாரணக் குதிரை விரையும்போது முன்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்கால் ஒன்றும் சேர்ந்து விழும், நடுவில் நான்கு காலும் தரையை விட்டு எழும், ஏறியவரின் இடுப்பு குலுங்கும். ரேவாலில் ஒவ்வொரு காலும் தனித்தனியாக விழுகிறது, ஏதாவது ஒரு கால் எப்போதும் மண்ணில் இருக்கிறது. பாலைவனத்தில் நாள் முழுதும் சவாரி செய்பவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அரிசி ஆலையின் நெல் காயவைக்கும் களத்தில் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னோம். முதலில் ஒரு நாட்டுக் குதிரை ஓடியது. தக்-தக், தக்-தக் என்று இரண்டு தட்டு. பிறகு கருப்பி வந்தாள் (அந்தப் பெயர் தானாகவே நிலைத்துவிட்டது). சிமெண்டுத் தரையில் த-க-தி-மி, த-க-தி-மி என்று நான்கு தட்டு, ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல். நம் உறுப்பினரான தவில் வித்துவான் கண்ணைத் திறக்காமலேயே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். "இது சுத்தமான சதுச்ர நடை" என்றார். குதிரை போவதற்கும் தாளம் போவதற்கும் தமிழில் நடை என்ற ஒரே சொல் இருப்பதன் பொருத்தம் எனக்கு அன்றுதான் காதில் விழுந்தது. சவாரி செய்தவர் உள்ளங்கையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார். களத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தபோது டம்ளரின் விளிம்புதான் ஈரமாகியிருந்தது.

இதை நாட்டியக் குதிரை ஆட்டத்தோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரேவால் பிறவியிலேயே வருவது. ஆட்டம் பழக்குவதால் வருவது, அதிலும் பல இடங்களில் முள் வைத்த கடிவாளத்தின் வலியால் வருவது. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965ஆம் ஆண்டு விதிகளே முள் கடிவாளத்துக்குத் தடை விதித்திருக்கின்றன. முள் கடிவாளம் பூட்டிய குதிரையைச் சங்க நிகழ்ச்சி எதிலும் அனுமதிப்பதில்லை என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பொதுக்குழுவும் இதை உறுதி செய்ய வேண்டுகிறேன்.

மார்கழி விடுமுறையில் மூன்று நாள் ஓவியப் பயிற்சி நடந்தது. 26 பிள்ளைகளும் 11 பெரியவர்களும் வந்தார்கள். மார்வாரியின் உடலமைப்பை அளக்கப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஐந்து வாற்கோதுமை மணிகளின் அகலம் ஒரு விரல். முகத்தின் நீளம் 28 முதல் 40 விரல் வரை இருக்க வேண்டும், உச்சந்தலையிலிருந்து வாலின் அடிவரை முகத்தைப் போல நான்கு மடங்கு இருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வாற்கோதுமை வாங்கி வந்து பிள்ளைகள் மணிகளை அடுக்கினார்கள். கருப்பியின் முகத்தைச் சணல் கயிற்றால் அளந்து, அதை நான்கு முறை முதுகின் மேல் வைத்துப் பார்த்தோம். நான்காவது அளவு வாலடிக்கு இரண்டு விரல் முன்னதாக முடிந்தது. சிற்பிகள் தாளம் என்ற முக அளவைக் கணக்கு வைத்துச் சிலை வடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவு புதிதாகத் தோன்றாது.

காது வரைவதில்தான் எல்லோரும் திணறினார்கள். உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொடும் காதுகள். ஒவ்வொன்றும் அரைவட்டம் சுழலும். பெரியவர்கள் வரைந்ததெல்லாம் ஆட்டுக் கொம்பு போல வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் காதை வரையாமல், இரண்டு காதுக்கும் நடுவே தெரிந்த வானத்தின் துண்டை முதலில் வரைந்தாள். அது அரசிலை போல வந்தது. பிறகு அதன் இரு ஓரத்திலும் கோடு இழுத்தாள், காது தானாக அமைந்துவிட்டது. அந்தப் படத்தைச் சட்டமிட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறோம்.

நிறங்களைப் பற்றித் தை மாதக் கூட்டம் முழுவதும் பேசினோம். அடர்செவலைதான் இந்த இனத்தில் மிகுதி. சாம்பல் நிறத்துக்கு மதிப்பு அதிகம், அடுத்தபடி திட்டுத் திட்டான இருநிறக் குதிரைக்கு. நெற்றியிலும் நான்கு கால்களிலும் வெள்ளை இருந்தால் அங்கே பஞ்சகல்யாண், இங்கே பஞ்சகல்யாணி. இரண்டு ஊரிலும் ராசி. சுழி பார்ப்பதும் அப்படியே. கழுத்தில் நீண்டு இறங்கும் சுழி நல்லது, கண்ணுக்குக் கீழே இருக்கும் சுழி ஆகாது என்கிறார்கள். சாம்பல் குதிரை பிறக்கும்போது கருமையாகவோ செவலையாகவோதான் இருக்கும், வயது ஏற ஏற முடி வெளுக்கும், தோல் கருப்பாகவே நிற்கும். வெளுத்துவரும் முடிக்கு அடியில் கருந்தோல் தெரியும்போது எழுகிற அந்த நீலச் சாயலால்தான் ராஜஸ்தானத்துப் பாடல்கள் சேத்தக்கை நீலக் குதிரை என்கின்றன. நம் தேசிங்கு ராஜன் கதைப்பாடலிலும் நீலவேணி என்றொரு குதிரை வருகிறது. நுக்ரா வேறு வகை. பிறவியிலேயே வெள்ளை, அடியில் இளஞ்சிவப்புத் தோல். வெயிலில் அந்தத் தோல் வெந்துபோகும். திருமண ஊர்வலத்துக்கென்று வாங்கி மொட்டை வெயிலில் நிறுத்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராசி பார்ப்பது அவரவர் நம்பிக்கை, அதில் சங்கம் தலையிடாது. ஆனால் கருப்பு ஆகாது என்று சொல்பவர்களுக்கு அந்த மார்வார் மண்ணே ஒரு பதில் வைத்திருக்கிறது. ராத்தோர் குலத்தின் நாட்டார் தெய்வமான பாபுஜி ஏறிய கேசர் காலமி ஒரு கருங்குதிரை, பெண் குதிரை. பாபுஜியின் தாயே அவருக்காகக் குதிரையாய்த் திரும்பி வந்தாள் என்பது கதை. அந்தக் கதையை நீண்ட துணியில் 'பட்' என்ற ஓவியமாக எழுதுகிறார்கள். பில்வாரா, சாபுரா ஊர்களின் ஜோஷி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதை வரைகின்றன. போபா என்னும் பாடகர் இராவணஹத்தா என்ற நரம்புக் கருவியை வாசித்து இரவெல்லாம் பாட, அவர் மனைவி விளக்கைத் தூக்கிப் பாடுகிற இடத்தை மட்டும் ஒளியில் காட்டுவார். அந்த வெளிச்சத்தில் கருங்குதிரை எழுந்து வரும்போது ஊரே கைகூப்பும்.

அந்த ஓவியத்தில் எல்லாவற்றையும் முடித்த பிறகே தெய்வத்தின் கண்ணை எழுதுகிறார்கள். கண் எழுதிய பிறகு அது வெறும் துணி இல்லை, கோயில். நம் ஐயனார் கோயில் மண்குதிரைகளுக்கும் இறுதியில்தானே கண் திறக்கிறோம்? பல உறுப்பினர்கள் இதைக் கேட்டு நெகிழ்ந்தார்கள். துணி நைந்து போனால் புஷ்கர் ஏரியில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். மாசியில் வைத்த ஓவியக் கண்காட்சி இரண்டாம் நாளே நின்றது. வாடகைக்கு எடுத்த கூடத்தின் கூரை ஒழுகி ஒன்பது படங்கள் நனைந்தன. முன்னதாகவே மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு. படம் இழந்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆறு பேர் மறுபடியும் வரைந்து தந்திருக்கிறார்கள். ஆனியில் கண்காட்சியை மீண்டும் நடத்துகிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். செலவு வரவைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது, சந்தா பாக்கி வந்தால் நேராகிவிடும். தண்ணீர்த் தொட்டியும் தீவனமும் கொடுத்து உதவியவர்களுக்கும், பயிற்சிக்குத் தாளும் வண்ணமும் வாங்கித் தந்த ஆசிரியப் பெருமக்களுக்கும் நன்றி.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கருப்பி வைகாசியில் குட்டி போடுவாள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தந்தை ஒரு சாம்பல் குதிரை என்று விற்றவர் சொன்னார். ஆகவே குட்டி எந்த நிறத்தில் பிறந்தாலும் அதுவே நிலைக்கும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். சித்திரைக் கடைசி வாரம் முதல் லாயத்தில் இரவுக் காவலுக்கு நாளுக்கு இருவர் தேவை. விருப்பம் உள்ளவர்கள் பொருளாளரிடம் உள்ள குறிப்பேட்டில் இன்றே பெயர் எழுதிவிட்டுப் போகவும். டார்ச் விளக்கு லாயத்திலேயே இருக்கிறது. கொசுவலை மட்டும் கொண்டு வரவும்.

வணக்கத்துடன்,
செயலாளர்